இடம் மாற்றி வைத்துப் பார்க்கிற அக்கா

சோமனூரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா ஒரு செடியைக்கூட ஒரே இடத்தில் ஆறு மாதம் விட்டதில்லை. காலை ஐந்தரை மணிக்கு நான் பால் வாங்கக் கதவைத் திறந்தால், இடுப்பில் ஒரு தொட்டியை அணைத்துக்கொண்டு, குழந்தையைத் தூங்கவைக்க இடம் தேடுகிறவர் மாதிரி வாசலில் நடந்துகொண்டிருப்பார். ஓரிடத்தில் வைப்பார். கேட் வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து போவார். தலையைச் சாய்த்து, கண்களைப் பாதி மூடிப் பார்ப்பார். திரும்பி வந்து அதை ஒரு சாண் நகர்த்துவார். மறுபடியும் கேட். மறுபடியும் அரைக்கண்.

"என்னக்கா, நேத்துத்தான அங்க வெச்சீங்க?"

"நேத்து வெச்சதுதானுங்க அம்மணி. இன்னிக்குப் பாத்தா பக்கத்துல இருக்கறதோட பேசவே மாட்டீங்குது."

நானும் செடி வளர்க்கிறவள்தான். துளசி, கறிவேப்பிலை, ஒரு செம்பருத்தி. வைத்த இடத்தில் வைத்து, தண்ணீர் ஊற்றினால் வளரும் என்று நம்புகிறவள். செடிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச், மற்ற ஆறு நாளும் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை. ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துப் போனால், வீடு திரும்பும்போது இருட்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து துணி கேட்கிறவர்கள் ஒரு துண்டுத் துணியை அனுப்பி, "இதே நிறம் வேண்டும்" என்பார்களாம். எந்தச் சாயத்தை எவ்வளவு கலந்தால் அதே நிறம் வரும் என்று பார்த்துச் சொல்வது அக்காவின் வேலை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் சாயம் ஒட்டியிருக்கும். அவருடைய விரலைப் பார்த்தே அன்றைக்குத் திருப்பூரில் என்ன நிறம் ஓடியது என்று சொல்லிவிடலாம்.

"காத்தாலயிருந்து பொழுதோட வரைக்கும் எவனோ கேட்ட கலருங்க" என்பார். "நீலம் துளி தூக்கலா இருந்தா எனக்குப் புடிக்கும். ஆனா அவனுக்கு வேண்டாம். சரின்னு கொறச்சுப்போடுவேன். இங்க வந்தா என்ற கலருங்க அம்மணி. என்னைய யாரும் கேக்க முடியாது."

அவர் தோட்டத்தில் வாயில் போட ஒன்றும் கிடையாது. தக்காளி இல்லை, மிளகாய் இல்லை, ஒரு கொத்தமல்லி இல்லை. கோலியஸ், குரோட்டன்ஸ், வாடாமல்லி, நந்தியாவட்டை, கனகாம்பரம், கோழிக்கொண்டை, காகிதப்பூ. பூவை யார் கேட்டாலும் கிள்ளிக் கொடுத்துவிடுவார். இலையைத் தொட்டால் முகம் மாறிவிடும். "பூவு ரெண்டு நாளு இருந்துட்டுப் போயிருமுங்க. எலதான் வருசம் பூரா நிக்குது. அதுல கைய வெக்காதீங்க."

ஒருமுறை யாரோ அவருக்கு ஒரு ரோஜாச் செடி கொடுத்தார்கள். தட்டு மாதிரி பூக்கள், கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு. தெருவே நின்று பார்த்தது. பத்தாம் நாள் அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நீங்களே வெச்சுக்குங்க அம்மணி. நெம்பக் கத்துதுங்க. மத்ததுக பேசறது ஒண்ணும் காதுல உழுவறதில்ல."

இன்னொரு முறை அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் சேர்ந்து போனோம். பந்தி வைக்கும் நேரத்தில் ஆளைக் காணோம். தேடிப் போனால் மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று, காவல்காரரிடம் ஒரு கோலியஸ் கொப்புக்காகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். இலை நடுவில் கருஞ்சிவப்பு, ஓரத்தில் நூல் மாதிரி பச்சை. அவர் கைப்பையில் எப்போதும் ஒரு ஈரத்துணியும் பாலிதீன் பையும் இருக்கும். கொப்பை அதில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே பந்தியில் உட்கார்ந்தார். பாயசம் ஊற்ற வந்தவரிடம், "பாத்து ஊத்துங்க, செடி இருக்குது" என்றார்.

இப்போது அவர் சோமனூரில் இல்லை. கோயம்புத்தூரில் உக்கடம் பக்கம் ஒரு அடுக்குமாடியில் நான்காவது மாடியில் அண்ணன் மகளோடு இருக்கிறார். பால்கனி மூன்றடி அகலம். போன மாதம் பேசும்போது, "நாலே தொட்டிதானுங்க அம்மணி. ஆனா நாலத் தூக்கி இருவத்திநாலு விதமா வெக்கலாம். நா எண்ணிப் பாத்துட்டேன்" என்றார்.

என் கணவரைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்லி முடியாது.

அவர் அவிநாசிப் பக்கம் தோட்டங்காடு வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. அண்ணன் இன்னமும் அங்கே சோளமும் தென்னையும் பார்க்கிறார். இவர் சோமனூருக்கு வந்து, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு எட்டுத் தறி ஓட்டினார். ஓடியதெல்லாம் காடா துணி. சாயம் ஏற்றாத, வெளுக்காத, பஞ்சு எந்த நிறமோ அந்த நிறத்திலேயே வருகிற துணி. முப்பது வருடம் அந்த ஒரே நிறம். நான் அஞ்சலகத்தில் வேலை பார்த்தேன். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

செடி என்றால் அதில் என்ன விளையும் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அக்கா எங்கள் தறிக்கொட்டகையில் நூல் தீர்ந்துபோன அட்டைக் கோன்களைக் கேட்டு வந்த நாள் நினைவிருக்கிறது. அந்தக் கோனைத் தலைகீழாக நிறுத்தி, மண் நிரப்பி, அதில் விதை போடுவார். நாற்று வளர்ந்ததும் கோனோடு சேர்த்துப் புதைத்துவிடுவார்.

"எத்தன வேணுமோ அள்ளிக்குங்க" என்ற என் கணவர், சும்மா இருக்காமல், "என்ன நாத்து போடறீங்க?" என்று கேட்டார்.

"வாடாமல்லிங்ண்ணா."

"அதுல என்ன வெளையும்?"

"ஒண்ணும் வெளையாதுங்க. பாத்துக்கலாம்."

"பாத்துக்கறதுக்கா? ஏனுங்க, நம்மூருல குடிக்கத் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வருது. பாத்துக்கறதுக்குத் தண்ணி ஊத்தறீங்களா?"

"துணி அலசற தண்ணிதானுங்ண்ணா ஊத்தறேன்" என்று சிரித்துக்கொண்டே கோன்களை முந்தானையில் அள்ளிக்கொண்டு போனார். இவர் என்னிடம் திரும்பி, "ஊட்டுல சாப்பிட ஆளில்லாட்டி இப்படித்தா" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அந்தக் காகிதப்பூ விவகாரம். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். அவர் பக்கத்திலிருந்து ஒரு காகிதப்பூக் கொடி சுவரைத் தாண்டி எங்கள் வாசலில் சாய்ந்திருந்தது. பூ உதிர்ந்து, வாசலில் அடுக்கியிருந்த நூல் மூட்டைகளில் ஒட்டிக்கொள்ளும். ஒரு மழை நாளில் ஒரு மூட்டை நூல் முழுக்க ஊதாக் கறை. மறுநாள் அக்கா வேலைக்குப் போன பிறகு இவர் அரிவாளை எடுத்து, எங்கள் பக்கம் வந்திருந்ததை மட்டுமில்லை, சுவருக்கு அந்தப்புறம் கை எட்டுகிற வரைக்கும் வெட்டிப் போட்டுவிட்டார். கேட்காமல் வெட்டியது தப்பு என்று நான் சத்தம் போட்டேன். அவர் காதில் வாங்கவில்லை.

சாயங்காலம் அக்கா வந்து கேட்டைத் திறந்தவர், தெருவிளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து அப்படியே நின்றார். நான் ஓடினேன்.

"மன்னிச்சுக்குங்கக்கா. அவரு கோவத்துல..."

அவர் வெட்டுப்பட்ட தண்டைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு கேட்டுக்குப் போய் நின்று, அந்தப் பழைய அரைக்கண்ணால் பார்த்தார்.

"வெட்டுனது வெட்டுனதுதான் அம்மணி. அந்த ஓட்டையில வெளிச்சம் நல்லா வருமுங்க. ஒரு வெள்ள வெச்சா எடுப்பா இருக்கும்."

அடுத்த ஞாயிறு அங்கே ஒரு நந்தியாவட்டை இருந்தது. ஆனால் அதன் பிறகு என் கணவர் அவர் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. தெருவில் எதிரே வந்தால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். கோபமில்லை, வெட்கம். இரண்டு வருடம் அப்படியே போனது.

அதற்குப் பிறகு வந்த ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, அறுந்த நூலை முடிபோடும்போது அவருடைய வலது கை சட்டென்று கீழே தொங்கிவிட்டது. தறிக்காரர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தோம். பக்கவாதம். வலது காலும் கையும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது, சொல்லத்தான் வார்த்தை வரவில்லை என்று டாக்டர் விளக்கினார். பயிற்சி கொடுத்தால் திரும்பலாம், அவர் முயற்சி செய்ய வேண்டும் என்றார்.

அவர் முயற்சி செய்யவில்லை. வீட்டுக்கு அழைத்துவந்து முன்னறையில் ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டோம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் படம் போட்ட அட்டைகளைக் காட்டினாள். பூனை, நாற்காலி, குடை. தறிச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்து எட்டுத் தறியை மேய்த்த மனிதர், பூனை என்று சொல்லச் சொன்னதும் இடது கையால் அட்டையைத் தட்டிவிட்டார். மூன்றாவது முறையோடு அந்தப் பெண் வருவதை நிறுத்திக்கொண்டாள். பிறகு சாப்பாட்டையும் மறுக்க ஆரம்பித்தார். ஸ்பூனைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார்; நாளுக்கு இரண்டு வாய் கஞ்சி இறங்கினால் பெரிது. அவர் என்ன முடிவு செய்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்தேன். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பின்னால் ஓசையில்லாமல் நின்ற தறிகளையும் முன்னால் ஓசையில்லாமல் கிடந்த அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா பார்க்க வந்தார். ஒரு பொட்டலம் ரஸ்க்கோடு கதவருகே நின்றார். இவர் அவரைக் கண்டதும் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் எதைப் பார்க்கிறாரோ அதைப் பார்த்தார். எங்கள் வீட்டுத் தரை மேடு. ஜன்னலும் தாழ்வு. கட்டிலிலிருந்து பார்த்தால் சுவருக்கு மேலே அக்காவின் வாசல் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு துணி துவைக்கிற கல்லும், பழைய சாய டிரம்மின் முதுகும், அடுக்கி வைத்த எருச் சாக்குகளும்தான். இரண்டு நிமிடம் நின்றிருப்பார். "வாரேனுங்க அம்மணி" என்று கிளம்பிவிட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு மனசுக்குள் ஒரு குறை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்தவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். டிரம்களைக் கவிழ்த்துப் படிக்கட்டு மாதிரி போட்டார். அதன்மேல் தொட்டிகளை ஏற்றினார், இறக்கினார். கல்லும் சாக்குகளும் அந்த இடத்திலிருந்து போய்விட்டன. அடுத்த ஞாயிறும் அதே வேலை. தினமும் விடிகாலையிலும் கொஞ்சம். அவர் இப்போது கேட்டுக்குப் போய்ப் பார்ப்பதில்லை என்பதை நான் கவனித்தேன். எங்கள் சுவருக்கு வந்து, முதுகை எங்களுக்குக் காட்டி, முட்டியை மடக்கி, பாதி உட்கார்ந்த மாதிரி நின்று பார்ப்பார். இடுப்பு வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எரிச்சலாகவும் இருந்தது. இங்கே ஒரு மனிதர் செத்துக்கொண்டிருக்கிறார், அக்காவுக்குத் தொட்டி விளையாட்டு.

ஐந்தாவது ஞாயிறோ ஆறாவது ஞாயிறோ, நான் சமையலறையில் இருந்தபோது என் கணவர் ஏதோ சத்தம் போட்டார். ஓடினேன். இடது கையை ஜன்னலை நோக்கி நீட்டி, "செ... செ..." என்றார்.

தண்ணீரா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். பாத்ரூமா? மாத்திரையா? முகம் சிவந்து கட்டிலை அறைந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

"செ... செவ..." பிறகு, தெளிவாக, கோபமாக: "எடு!"

இரண்டரை மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கனகாம்பரத்துக்குப் பக்கத்தில் அக்கா அப்போதுதான் ஒரு கோழிக்கொண்டையை வைத்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ரத்தச் சிவப்பு. அது நன்றாக இல்லை. எனக்கே தெரிந்தது.

நான் அழுதுகொண்டே சுவருக்கு ஓடினேன். "அக்கா, அவரு... அவரு அந்தச் செவப்ப எடுக்கச் சொல்றாருங்க!"

அக்கா மண் கையோடு நிமிர்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஆனால் கோழிக்கொண்டையை எடுக்கவில்லை. சுவர் ஓரமாக வந்து, ஜன்னலைப் பார்த்து, என் கணவரிடமே கேட்டார், இரண்டு வருடம் பேசாமல் இருந்ததே நடக்காத மாதிரி.

"எந்தச் செவப்புங்ண்ணா? இங்க ஏழெட்டுச் செவப்பு இருக்குது. கையக் காட்டுனா எனக்குத் தெரியாதுங்க. சொல்லுங்க."

இவர் முறைத்தார். வாய் திறந்தது, மூடியது. அக்கா அவசரப்படவில்லை. தறிகள் இல்லாத அந்த ஞாயிற்றுக்கிழமை அமைதியில், சுவருக்கு அந்தப்புறம் அவர், ஜன்னலுக்கு உள்ளே இவர்.

"கோ... கோழி."

"ஆமாங்க, இது கத்துதுங்க. எங்க வெக்கறது?"

"தள்ளி."

"எம்புட்டுத் தள்ளி?"

"வெள்ள... வெள்ளகிட்ட."

கோழிக்கொண்டை நந்தியாவட்டைக்குப் பக்கத்துக்குப் போனது. அக்கா முட்டியை மடக்கிப் பார்த்தார். "அட, அங்கதா இருக்கோணும் அது!" என்றார். அன்று மதியம் என் கணவர் ஒரு கிண்ணம் தயிர்ச்சோறு சாப்பிட்டார்.

அதன்பிறகு தினமும் காலை ஆறே முக்காலுக்கு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவதற்கு முன்னால், அக்கா சுவரில் சாய்ந்து ஒரு கேள்வி கேட்பார். "ஏனுங்ண்ணா, இந்த மஞ்ச சரியா இருக்குதுங்களா?" இவர் "வேண்டாம்" என்றால் விடமாட்டார். "ஏன் வேண்டாம்? எந்த மஞ்ச வேணும்? எலுமிச்ச மஞ்சளா, மாம்பழ மஞ்சளா?" பதில் வராவிட்டால், "சரிங்க, பொழுதோட சொல்லுங்க. நா வாரேன்" என்று போய்விடுவார். இவர் நாள் முழுக்க அந்தப் பதிலைத் தேடிக்கொண்டு கிடப்பார். நான் உதவி செய்யப் போனால் கையால் விலக்குவார்.

முப்பது வருடம் காடா துணி நெய்தவருக்கு நிறங்களின் பெயர் அதிகம் தெரியாது. அவர் தேடிப்போன இடம் அவருடைய பழைய தோட்டங்காடு. ஒரு நாள் சாயங்காலம், பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அக்காவிடம், எழுத்துக் கூட்டுகிற மாதிரி சொன்னார்: "சோளம்... பால் புடிச்ச... சோளம். அந்த மஞ்ச."

அக்கா கைப்பையைச் சுவர்மேல் வைத்துவிட்டு யோசித்தார். "பால் புடிச்ச சோளம். எங்க கம்பெனி சாயக் கார்டுல அந்தக் கலரே இல்லீங்ண்ணா. நாந்தான் கொண்டாரோணும்." பத்து நாள் தேடி, கருமத்தம்பட்டியில் ஏதோ ஒரு வீட்டு வாசலில் பார்த்து, பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டு வாங்கி வந்தார், வெளிர் மஞ்சளில் புள்ளி விழுந்த ஒரு குரோட்டன்ஸ். அன்று வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம். "திட்டு வாங்கிப்போட்டேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார். மறுநாள் விடிந்ததும் இவர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "அதேதா" என்றார். பிறகு சிரித்தார், வாய் ஒரு பக்கம் கோணி. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் பார்த்த எந்தச் சிரிப்பையும்விட அது எனக்கு அழகாக இருந்தது.

சண்டையும் போட்டார்கள். ஊதாவும் பச்சையும் சேருமா சேராதா என்று ஒரு வாரம் நடந்தது. "உங்குளுக்குக் கண்ணு வந்துருச்சுங்ண்ணா, இனி நா பொழைக்க முடியாது" என்பார் அக்கா.

தை மாதத்தில் என் கணவர் ஊன்றுகோல் பிடித்து நடக்க ஆரம்பித்தார். முதல் நாளே வாசலைக் காட்டினார். தெருவில் இறங்கியதும் இடது பக்கம் திரும்பினார், அக்காவின் கேட். ஞாயிற்றுக்கிழமை. அக்கா உள்ளே மண் கிளறிக்கொண்டிருந்தார். அத்தனை மாதமும் ஜன்னல் வழியாகவே பார்த்ததைப் பக்கத்தில் போய்ப் பார்க்கும் ஆசை இவருக்கு. கேட்டைத் திறந்து மெல்ல உள்ளே அழைத்துப் போனேன். நானும் அத்தனை மாதத்தில் சுவருக்கு இந்தப்புறம் நின்று பேசியதோடு சரி. உள்ளே கால் வைக்கவில்லை.

உள்ளே தோட்டமே இல்லை.

அக்காவின் வீட்டு வாசற்படியிலிருந்து பார்த்தால் கவிழ்த்த டிரம்களின் வெறும் பக்கங்கள், சாயம் வழிந்த கறைகள், முட்டுக்கொடுத்த குச்சிகள், கட்டியிருந்த பிளாஸ்டிக் கயிறு, இலையில்லாத தண்டுகள். வாசற்படிக்குப் பக்கத்திலேயே, அவர் உட்காரும் நாற்காலிக்கு எதிரே, அந்த எருச் சாக்குகளும் துவைக்கிற கல்லும். எல்லா இலையும், எல்லாப் பூவும் எங்கள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அவருக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுதான்.

என் கணவர் ஊன்றுகோலைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

"உங்... உங்குளுக்கு?" என்றார்.

"எனக்கென்னங்ண்ணா? நா இருட்டுல போயி இருட்டுல வாரவ. எனக்கு எதுக்குங்க?"

"நா... அன்னிக்கு... வெட்டி..." அவருக்கு அதற்கு மேல் வரவில்லை. வார்த்தை கிடைக்காததனால் மட்டுமில்லை.

"அது எப்பவோ தளுத்துருச்சுங்க. அத உடுங்க. இந்த மண்ணுல பாத்துக் கால வெய்யுங்க, வழுக்கும்."

அவர் கால் வைக்கவில்லை. திரும்பி எங்கள் வீட்டைக் காட்டினார். "வாங்க" என்றார். மூன்று முறை சொன்னார். அக்காவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"உங்களக் கட்டில்ல உக்காந்து பாக்கச் சொல்றாருக்கா. நீங்க இன்னும் அங்கிருந்து பாக்கலியே."

"பாத்தனே அம்மணி. அன்னிக்கு ரஸ்க்கு கொண்டாந்தப்ப ஒருக்கா பாத்துட்டு, தலகாணி ஒசரத்த மனசுல வெச்சுக்கிட்டேன். அத வெச்சுத்தான..."

முட்டியை மடக்கி நின்றதெல்லாம் இடுப்பு வலி இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவின் கையைப் பிடித்து, இருவரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தேன்.

அக்கா மண் கால்களைக் கழுவிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். இவர் இடது கையால் தலையணையைத் தட்டி, "இன்னும்... கீழ" என்றார். அக்கா தலையணையில் சாய்ந்தார். ஜன்னலைப் பார்த்தார்.

நான் காபி கொண்டுவந்து வைத்தேன். ஆடை படர்ந்தது. அவர் எடுக்கவில்லை. கண்களைப் பாதி மூடவும் இல்லை. முழுசாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தா இருக்குது" என்றார் கடைசியில், யாரோ செய்ததைப் பார்த்த மாதிரி. "ஏனுங்ண்ணா, உச்சி வெயில்ல இது எப்படி இருக்குமுங்க? நா வேல நாள்ல ஒருக்காகூடப் பாத்ததில்ல. ஞாயித்துக்கெளமையும் குனிஞ்சு மண்ணத்தானுங்க பாக்கறேன்."

என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். ஊன்றுகோலை மடியில் வைத்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். நோய் வந்த பிறகு அவர் ஒரு மூச்சில் அத்தனை வார்த்தை பேசியது அன்றுதான். நான் இடையில் ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஏளு மணிக்கு... நீங்க போனதும்... வெயிலு அந்தப் பக்கமிருந்து வரும். எல எல்லாம்... வெளக்கு போட்டாப்பல. அந்தச் செவப்பு எல... செவப்பா இருக்காது. ரத்தம் ஓடறது தெரியும். பத்து மணிக்கு... வெள்ளப் பூவு... கண்ணு கூசும். பன்னெண்டுக்கு ஒண்ணுமே இல்ல. எல்லாம் வெளுத்துரும்... காடா துணி மாதிரி. அப்ப நா... தூங்குவேன். மூணு மணிக்கு... பக்கத்துத் தறியெல்லாம் டீக்கு நிக்கும். சத்தமில்லாம... ஒரு தேன்சிட்டு வரும். கனகாம்பரத்துக்கு. ரெண்டு... ரெண்டு நாளு வராட்டி, எனக்கு மனசு சரியிருக்காது. நாலு மணிக்கு... எங்க ஊட்டு நெழலு... உங்க செடி மேல ஏறும். கீழ இருக்கறது... ஒண்ணொண்ணா... இருட்டாகும். அந்தச் சோள மஞ்ச மட்டும்... மேல இருக்குதில்ல... அது மட்டும் நிக்கும்."

அவர் மூச்சு வாங்க நிறுத்தினார். அக்கா தலையணையிலிருந்து தலையை எடுக்காமல், ஜன்னலிலிருந்து கண்ணையும் எடுக்காமல், சின்னக் குரலில் கேட்டார்.

"அப்பறங்ண்ணா?"